சுத்த இருட்டு

ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் செத்த வௌவால்களின் மூளையோடு மல்லுக்கட்டியவள் கிளெனிஸ் டக்வெல். மூளையைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஒளிரும் ஆன்டிபாடியைச் சொட்டுவாள். வெறிநோய் வகைக் கிருமியைக் கண்டால் அது உடும்பாய்ப் பிடித்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் பச்சையாக மின்னும். கிருமி இல்லையென்றால் கழுவும்போதே போய்விடும்; தகடு இருட்டாகவே கிடக்கும்.

வௌவால் கீறிய யாரோ ஒருவர் முடிவு தெரிய வீட்டில் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"என்ன தெரியுது கிளெனிஸ்?" என்பார் உடன் வேலை பார்த்த டாரல்.

"சுத்த இருட்டு!"

"அப்போ டீயப் போட்டுற வேண்டியதுதான், மகராசி!"

எத்தனை இருட்டு, எத்தனை டீ! ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகிவிட்டது. டாரலும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன வாரம் கண் மருத்துவர் அவளுடைய வலது கண்ணை மூடிவிட்டு, மங்கிக்கொண்டே வந்த இடது கண்ணைச் சோதித்தார்.

"என்னம்மா தெரியுது?"

"சுத்த இருட்டு!" என்றாள் கிளெனிஸ், முகமெல்லாம் சிரிப்பாக.

மருத்துவர் பதறிப்போனார். "இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?"

அவளோ கதவுப் பக்கம் காதைத் திருப்பி, டீக்குத் தண்ணீர் கொதிக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.