சந்தை மூடப் போறாங்க

எங்கள் சந்து இன்றைக்கும் திறந்திருக்கிறது என்றால் அதற்கு நான் ஒருவன்தான் காரணம். மாநகராட்சி அதிகாரிக்கு முன்னால் நின்று, சட்டம் பேசி, ஆளை மடக்கினேன். பொய். சட்டத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் மடக்கியது என் நாற்காலியை மட்டும்தான்.

சந்துக்குள் எனக்கு ஒரு பஞ்சர் கடை. காந்திபுரம் நெரிசலுக்குப் பயந்த வண்டிகளெல்லாம் இந்த வழியாகத்தான் நுழையும். நுழைகிறவற்றில் ஒன்றுக்காவது காற்றுப் போகும். ஆணி போடுவதே நான்தான் என்று ஊரே சொல்லும். நான் மறுப்பதில்லை. அவ்வளவு உழைப்பாளி என்று வேறு யாரும் என்னைச் சொன்னதில்லை.

சந்தின் வாயில் ஒரு பழைய கல் வளைவு. கல்யாண பேனர் கட்டுவோம். நான் டியூப் காயப் போடுவேன். திடீரென்று அது பாரம்பரியச் சின்னம் என்று மாநகராட்சி கண்டுபிடித்தது. வண்டிகள் உரசிக் கல் தேய்கிறது, அதனால் வழியையே அடைத்துவிடலாம் என்று யோசித்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். முதலில் தெரிந்தது வளைவில் ஒட்டியிருந்த நோட்டீஸ்.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சின்ன வயதிலேயே ஒத்துவரவில்லை. பெரிய எழுத்தென்றால் கூட்டிப் படித்துவிடுவேன். சின்ன எழுத்தைப் படித்தவர்களுக்கு விட்டுவிடுவேன். பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: ‘சந்தை மூடுவது பற்றிக் கருத்துக் கேட்பு.’ சந்தோடு ஒரு ஐ சேர்ந்தாலும் ‘சந்தை’ என்றுதான் வரும் என்பது எனக்கு உறைக்கவில்லை. நேரே அடுத்த தெருவின் காய்கறிச் சந்தைக்கு ஓடினேன்.

“சந்தைய மூடப் போறாங்களாமா! எல்லாரும் கெளம்புங்க!”

தக்காளிக்கார அக்கா தராசைக் கீழே வைத்தார். “ஏனப்பா, நல்லாப் படிச்சயா?”

“எழுத்தெழுத்தாப் படிச்சனுங்கக்கா.”

கருத்துக் கேட்பு நடந்த மண்டபத்துக்கு நாலைந்து பேர் வருவார்கள் என்று அதிகாரி நினைத்திருப்பார். வந்தது மொத்தச் சந்தையும். கிணத்துக்கடவுத் தேங்காய்க்காரர் தேங்காயும் கையுமாக முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அதிகாரி காகிதத்தைப் பார்த்து வாசித்தார். “சந்தை மூடுவதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா?”

மண்டபமே எழுந்தது.

“எங்க ஊட்டு அடுப்பு எரியறதே அதுலதானுங்க,” என்றார் அக்கா. “மூடிப்போட்டா தக்காளிய உங்க மேசை மேல வெச்சு விக்கட்டுங்களா?”

அதிகாரி விழித்தார். “இத்தனை பேரும் அந்தச் சந்துக்குள்ளயா யாவாரம் பண்றீங்க? ரெண்டு வண்டி ஒதுங்கவே எடமில்லையே!”

சந்து. அந்த ஒரு சொல்லில் எனக்குக் காற்று இறங்கிவிட்டது. மூடப்போவது என் கடைக்கு வருகிற வழியை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. ‘அட, சந்துதானா’ என்று இவர்கள் கலைந்து போனால் என் பம்பை எடைக்குப் போட வேண்டியதுதான். மெதுவாக நாற்காலியை மடக்கினேன்.

அக்கா குனிந்து காதருகில் கேட்டார். “ஏன்டா தம்பி, சந்தா, சந்தையா?”

“சந்துதானாட்ட இருக்குதுங்கக்கா.”

“உம்பட படிப்புல தீய வெக்க!” என்றவர் அதிகாரியிடம் திரும்பினார். “சந்துக்குள்ள யாவாரம் இல்லீங்க சாமி. ஆனா காய் வாங்க வர்றவீங்க அது வழியாத்தான வர்றாங்க? வந்தது வந்துபோட்டோம், அதையும் மூடாதீங்க!”

“மூடாதீங்க!” என்றது கூட்டம். தேங்காய்க்காரர் தேங்காயை உயர்த்திக் காட்டினார். அது வணக்கமா மிரட்டலா என்று அதிகாரிக்குக் கடைசிவரை புரியவில்லை.

வளைவின் இரண்டு காலையும் சுற்றி இரும்புக் குழாய் நடுவது, சந்து திறந்தே இருப்பது என்று முடிவானது. வளைவில் டியூப் காயப் போடக் கூடாது என்று தனியாக ஒரு வரியும் சேர்த்தார்கள்.

அது கிடக்கட்டும், உண்மையான கதை அதற்குப் பிறகுதான். வெளியே வந்து அதிகாரி ஸ்கூட்டரை எடுத்தால், பின்சக்கரம் தரையோடு தரையாகக் கிடந்தது. மறுபடியும் எல்லாத் தலையும் என் பக்கம். அந்த ஆணி எங்கிருந்து வந்தது தெரியுமா? அன்று காலையில் நான்...

“ஏனுங்க!” வாசலிலிருந்து என் மனைவி. “வளைவுக்கடியில ஒரு வண்டி காத்துப் போயி நிக்குது. கதையளந்தது போதும், பம்ப எடுத்துட்டு வாங்க!”

“வாரேன் அம்மணி.”