ஒன்பது வருடப் புது ஆள்

பள்ளிப் பை தைக்கிற அந்தக் கம்பெனியில் அவளுக்கு ‘நேர்கோடு’ என்று பட்டப்பெயர். கோபத்தில் தைத்தாலும் சரி, பக்கத்து மிஷின்காரி சிரிக்க வைத்து வயிறு வலித்தாலும் சரி, அவள் தையல் இம்மி விலகாது. பிள்ளைகள் பையில் புத்தகத்தை மட்டுமா போடுகிறார்கள்? செங்கல்லைத் தவிர எல்லாவற்றையும் போடுகிறார்கள். அத்தனை பாரத்தையும் தாங்குகிற தோள்பட்டியை ஒன்பது வருடமாகத் தைக்கிறவள் அவள்தான்.

அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. புதிதாக ஆள் சேர்த்தால், அந்த ஆளின் சம்பளத்தில் பாதியை ஆறு மாதத்துக்கு அரசாங்கமே முதலாளிக்குத் தரும். வேலையில்லாதவர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்திருப்பார், பாவம். அவருக்கு இந்த முதலாளியைத் தெரியாது. இவர் புது ஆள் தேடி வாசல்வரைகூடப் போகவில்லை. உள்ளே இருந்த பழைய ஆட்கள் எட்டுப் பேரையே புதுசாக்கிவிட்டார்.

“ரெண்டே கையெழுத்துக்கா. ஒண்ணு, வேலைய விட்டுட்டேன்னு. இன்னொண்ணு, வேலை வேணும்னு. சும்மா பேப்பருக்குத்தான்.”

யாராவது ‘அக்கா’ என்றால் போதும், உருகிவிடுகிற ஜென்மம் அவள். போட்டுக் கொடுத்தாள். அவளைப் பார்த்து மற்ற ஏழு பேரும் போட்டார்கள்.

வீட்டில் அந்தக் காகிதங்களின் நகலைப் படித்த கணவன் தலையில் கைவைத்தான். லாரி பட்டறையில் வேலை செய்கிறவன், பேச்சும் ஸ்பானர் போலத்தான் இருக்கும்.

“பேப்பர் படி நீ இன்னைக்குச் சேந்தவடி. ஆறு மாசம் கழிச்சு போன்னு சொன்னா போகவேண்டியதுதான். ஒம்போது வருஷத்துக்கு எதுவும் கேக்க முடியாது. உன் கையாலயே அழிச்சிட்டு வந்திருக்க.”

“பேப்பருக்குத்தான்னாரு...”

“அவருக்குப் பணம் வர்றதும் பேப்பர்லதான்!”

அடுப்பில் இருந்தது அடிப்பிடித்தது. யாரும் எழுந்து போய் அணைக்கவில்லை.

இரண்டு வாரத்தில் சோதனைக்கு ஆபீசர் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் முதலாளி எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். “கொஞ்சம் தடுமாறுங்க. கோணலா தைங்க. அக்கா, முக்கியமா நீங்க!”

பயிற்சியாளர் என்று காகிதத்தில் இருந்தது முதலாளியின் மச்சான். மிஷின் ஊசிக்குக் காது எந்தப் பக்கம் இருக்கும் என்பதே அவனுக்குத் தெரியாது. கழுத்தில் இஞ்ச் டேப்பை மாலை மாதிரி போட்டுக்கொண்டு நின்றான்.

“தைச்சுக் காட்டுங்கம்மா,” என்றார் ஆபீசர்.

மற்ற ஏழு பேரும் அவளையே பார்த்தார்கள். தன்னால் அவர்கள் பிழைப்பும் போய்விடுமோ என்று பயந்து அவள் மனதார முயற்சி செய்தாள். பட்டியைக் கோணலாக வைத்து மிதித்தாள். ஒரு விரற்கடை போவதற்குள் இடது கை தானாகத் துணியைத் திருப்பிவிட்டது. மறுபடி கோணலாக்கினாள், மறுபடி திருப்பியது. கண்ணை மூடிக்கொண்டு மிதித்துப் பார்த்தாள். சிரிக்காதீர்கள், அந்தத் தையல்தான் எல்லாவற்றிலும் அழகாக விழுந்தது.

ஆபீசர் பட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அடடா, ரெண்டே வாரத்துலயா! பயிற்சின்னா இது பயிற்சி!” என்று மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மச்சான் நெளிந்தான். “பொறுமையா சொல்லிக் குடுத்தேன் சார். ஆரம்பத்துல ரொம்ப மந்தமா இருந்தாங்க.”

அதுவரை பொறுத்தவளுக்கு அந்த ‘மந்தம்’ உச்சந்தலையில் ஏறியது.

“ஒம்போது வருஷம் சார்.”

“என்னம்மா?”

“நான் இங்க தைக்கிறது ஒம்போது வருஷமா. இவருக்கு நூல் கோக்கத் தெரியுமான்னு கேளுங்க.”

ஆபீசர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். பக்கத்து மிஷின்காரி எழுந்தாள். “எனக்கு ஏழு சார். இந்த அக்காதான் சொல்லிக் குடுத்தது.” அவள் பின்னால் இன்னொரு குரல்: “எனக்கு அஞ்சரை.” ஒவ்வொருத்தராக எட்டுப் பேரும் சொல்லி முடித்தார்கள்.

இனிமேல் ஆபீசர் பொங்கி எழுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள். அவர், முதலாளி வாங்கிவைத்த கூல்டிரிங்க்ஸை மிச்சம் வைக்காமல் குடித்தார், ‘மேல் விசாரணை தேவை’ என்று எழுதினார், வண்டி ஏறினார்.

“இப்படி வயித்துல அடிச்சிட்டீங்களேக்கா!” என்றார் முதலாளி.

“யாரு வயித்துல?”

அவர் தன் அறைக்குள் போனார். அவளும் பின்னாலேயே போனாள். வந்து போகிற பெரிய மனிதர்களுக்காக அங்கே ஒரு குஷன் நாற்காலி போட்டிருக்கும். அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“வேலைய விட்டுட்டேன்னு எழுதி வாங்குனீங்களே, அத எடுங்க.”

“அது ஆடிட்டர்கிட்ட இருக்கு. நாளைக்குப் பாக்கலாம், போங்க.”

“வரச் சொல்லுங்க. நான் இருக்கேன்.”

வெளியே மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஏழு பேரும் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள். முதலாளி அவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆடிட்டர் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.