ரேடியேட்டருக்கு ஒரு டப்பா தண்ணீர்

நாள் பார்த்தோம், நட்சத்திரம் பார்த்தோம், ராகு காலம் கழித்துச் சாவி வாங்கினோம். இன்ஜினை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்து, பட்டாளத்துப் பழைய வண்டிகளை ஏலத்தில் தள்ளிவிட்ட சமயம் அது. பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பிய என் வீட்டுக்காரர், அங்கே கொடுத்தனுப்பிய பணம் முழுவதையும் ஒரு பழைய வேனில் போட்டார். உள்ளே இரண்டு பக்கமும் பலகை அடித்து, பட்டாளத்துப் பச்சையின்மேல் நீலம் பூசி, மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போக ஏற்பாடு செய்துகொண்டார். எல்லாம் கோபாலபுரத்துக் குடும்பங்கள், மாதம் பிறந்தால் கூலியைக் கொடுத்துவிடுவார்கள். நல்ல யோசனைதான், வண்டி ஓடியிருந்தால்.

முதல் மாதம் கிளச் தகடு போயிற்று. அடுத்தது பிரேக். மிதித்தால் கால் பலகைவரை போகும், வண்டி நிற்காது. அதைச் சரிசெய்த வாரமே பாட்டரி செத்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வேன் வாங்கிய பிறகுதான் அது முழுசாகப் புரிந்தது.

ராயப்பேட்டையில் ஒரு மரத்தடியில் பட்டறை வைத்திருந்த பாய்தான் எங்களுக்கு மெக்கானிக். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இன்ஜின் சிங்கம், கவலையே வேண்டாம் என்பார். சாயங்காலம் கூலி கேட்கும்போது அந்தச் சிங்கத்துக்கு இன்னும் இரண்டு சாமான் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் சிங்கத்துக்குத் தீனி போட்டே நாங்கள் ஒடிந்துபோனோம்.

எத்தனை தரம் பற்றவைத்தாலும் அடைபடாதது ரேடியேட்டர் ஒழுக்கு. கதீட்ரல் ரோடு தாண்டுவதற்குள் மூடியிலிருந்து புகை மாதிரி கிளம்பும். அதற்காக ஒரு பிஸ்கட் டப்பாவில் தண்ணீர் வைத்திருப்பார். பிள்ளைகளிலேயே சின்னவள் ஒருத்தி, பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பாள் என்று முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்காருவாள். அந்த டப்பாவை மடியில் பிடித்துக்கொள்வது அவள் வேலை. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது பாவாடை பாதி நனைந்திருக்கும். "கொதிக்குது மாமா" என்று அவர் பார்ப்பதற்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாளாம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்க அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது.

ஒரு நாள் வண்டி நடுரோட்டில் நின்றுபோக, பெரிய பெண்கள் நாலைந்து பேர் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி வக்கீல் வீட்டுப் பெண். அன்று மாலையே வக்கீல் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் என் பெண் மட்டுமில்லை, யாருமே வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். குரலைக்கூட உயர்த்தவில்லை, மகாராஜன்.

பாய் இன்ஜினைப் பிரித்துப்போட்டு, பிஸ்டன் ரிங் எல்லாம் தேய்ந்துவிட்டது, ரேடியேட்டரும் மாற்ற வேண்டும் என்றார். அப்போது மட்டும் சிங்கம் என்ற பேச்சே வரவில்லை. அவர் கேட்ட தொகைக்கு எங்கள் வீட்டில் விலைபோகிற சாமான் ஒன்றுதான் இருந்தது, என் தையல் மெஷின். நான் ரவிக்கை தைத்த காசில்தான் ரேஷன் அரிசி வந்துகொண்டிருந்தது. வயிறு எரிய விற்றேன். இனிமேல் இந்த வண்டியை விட்டால் நமக்கு வேறு கதி கிடையாது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

அதற்கப்புறம் வண்டி நன்றாகவே ஓடியது. கொதிப்பும் இல்லை, நிற்பதும் இல்லை. டப்பாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனாலும் அந்தச் சின்னவள் அதைக் கொடுக்கமாட்டேன் என்று மடியிலேயே வைத்திருந்தாளாம்.

தை பிறந்த பிறகு அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவள் அப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். ஏதோ ஆபீசில் குமாஸ்தா. சட்டைப் பொத்தான்கூட மாறிப் போட்டிருந்தார். விடிகாலையில் போய்விட்டாளாம். வீட்டுக்குக் கொண்டுவர ஜட்காக்காரன் ஒருத்தனும் சம்மதிக்கவில்லை, டாக்சிக்காரன் விஷயம் தெரிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நீங்கள் வரவேண்டும் என்று கையைக் கூப்பினார்.

இவரை உள்ளே கூப்பிட்டேன். போகக் கூடாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பிணம் ஏறிய வண்டியில் எவர் தன் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்? என் பெண்ணாக இருந்தால் நானே அனுப்பமாட்டேன். நாளைக்கு நாம் எதைத் தின்பது என்று கேட்டேன். அழுதுகொண்டேதான் கேட்டேன்.

அவர் சாவியை எடுத்துக்கொண்டார்.

"தெனிக்கும் நான்தானே மே இட்டுகினு போனேன். இன்னிக்கி வூட்டுக்கு இட்டாரமாட்டேன்னா, அது இன்னா மே?"

வாசல்வரைகூடப் போகாமல் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். வண்டி ஏதாவது தகராறு செய்ததா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"எங்கனா நின்னுடாதான்னு பாத்துகினே வந்தேன். அந்த வூட்டு வாசலுக்குப் போய்ச் சேர எனக்கு இஷ்டமே இல்ல. நிக்கவே இல்ல மே."

அன்றுதான் அந்த மனுஷன் அழுது நான் பார்த்தேன்.

ஒரு நாள் விட்டு, செவ்வாய்க்கிழமை வண்டியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, சாம்பிராணி போட்டு, எப்போதும் போகிற நேரத்துக்குக் கோபாலபுரம் போனார். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. துக்கத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தவர்கள்தான் எல்லாரும். ஒரு வீட்டில் ஜட்கா பேசிவிட்டோம் என்றார்கள். ஒரு வீட்டில் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். வக்கீல் வீட்டில் வேலைக்காரன் வந்து கையை மட்டும் ஆட்டினான். காலி வண்டி திரும்பி வந்தது. இன்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மாதிரி என்ன, என் தையல் மெஷினேதான் அது.

பங்குனியில் மாம்பலத்து விறகுத்தொட்டிக்காரர் ஒருத்தருக்கு அடிமாட்டு விலைக்கு வண்டியைக் கொடுத்தோம். இவர் எவனுடைய லாரிக்கோ சம்பளத்துக்குப் போனார். நான் கூலிக்குக் கையால் பொத்தான் தைத்தேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அந்தக் குமாஸ்தா மறுபடி வந்தார். கூட அவருடைய இரண்டாவது பெண், புதுப் பாவாடை கட்டிக்கொண்டு. இவளை இந்த வருஷம் சேர்த்திருக்கிறேன் என்றார். மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள் என்று இப்போதுதான் காதில் விழுந்தது, எங்கள் பெண் உங்கள் வண்டியில்தான் வருவாள் என்றார். வண்டியை விற்றுவிட்டோம் என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார்.

குழந்தை மட்டும் உள்ளே குழாயடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அந்த பிஸ்கட் டப்பா இருந்தது. வண்டியோடு அதைக் கொடுக்கமாட்டேன் என்று இவர் எடுத்துவைத்திருந்தார்.

"அந்த டப்பாவை நான்தான் பிடிச்சுக்கணும். அக்கா சொல்லியிருக்கா."

பாத்திரம் கழுவ அதில் தண்ணீர் பிடித்துவைத்திருந்தேன். கொட்டிவிட்டு, புடவைத் தலைப்பால் துடைத்து, அவள் கையில் கொடுத்தேன்.