மஞ்சள் புள்ளி போட்ட ஏழு பரண்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு நவம்பர் மாதத்தில் நடந்தது இது. நான் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்துக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம். என் ஜெர்மன், கடையில் பை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குத்தான்.

எங்கள் குழுத் தலைவர் வார இறுதியில் வேட்டைக்குப் போகிறவர். இங்கே அதற்குப் பரீட்சை, லைசென்ஸ் எல்லாம் உண்டு. ஊருக்குத் தெற்கே ஒரு காட்டின் வேட்டைப் பொறுப்பு அந்த வருடம்தான் அவர் கைக்கு வந்திருந்தது. பயிரைப் பாழாக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட, முப்பது பேர் ஆளுக்கொரு மரப்பரணில் ஏறி உட்காருவார்களாம். அந்தப் பரண்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பது முன்பு பொறுப்பிலிருந்தவர் விட்டுப்போன கணினிக் கோப்புகளில் சிதறிக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே வரைபடமாக்கி, கைப்பேசியில் பார்க்கிற மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டார். வரைபட மென்பொருள்தான் என் பிழைப்பு. முட்டைகூடச் சாப்பிடாத வீட்டில் பிறந்தவன் பன்றி வேட்டைக்கு வழி போட்டுக் கொடுக்கிறேனே என்று எனக்கே சிரிப்பு. உள்ளுக்குள் பெருமையும்தான்.

மூன்று நாள் மாலை உட்கார்ந்தேன். ஒரே பரண் நாலு கோப்பில் நாலு பெயரில் இருந்தது. ஒரு கோப்பின் பெயரில் மட்டும் ஏ, எல், டி என்று மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஆல்ட். ஆல்டர்னேட் என்பதைத்தான் சுருக்கியிருக்கிறார்கள், மாற்று இடங்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். விருந்தாளிகள் அதிகமாக வந்தால் உதவுமே என்று அந்த ஏழு பரண்களையும் மாற்று இடங்கள் என்று எழுதி, மஞ்சள் புள்ளிகளாகச் சேர்த்து அனுப்பினேன். பிரமாதம், மஞ்சளிலும் ஆட்களைப் போட்டுவிட்டேன் என்று பதில் வந்தது.

வேட்டை சனிக்கிழமை. அன்று காலை எட்டு மணிக்கு, கட்டிடத்தின் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறையில் கீழ்வீட்டு அக்காவைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே நர்ஸ். சும்மா இருக்க மாட்டாமல் வரைபடத்தையும் அதற்கு எடுத்த கோப்புகளின் பட்டியலையும் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

“ஏன் தம்பி, பழசுகளையும் போட்டிருக்கிறியள்?”

“பழசு இல்லக்கா, ஆல்டர்னேட்.”

“அல்ட் எண்டால் டொச்சில பழசு, தம்பி.”

டொச் என்று அவர் சொன்னது ஜெர்மனை. பழைய பரண் என்றால் உளுத்துப்போன பரண். அதுவும் ஒரு மாடி உயரம். தலைவரைக் கூப்பிட்டேன், இணைப்பே கிடைக்கவில்லை. அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக்தான் விழுந்தது. காட்டுக்குள் சிக்னல் இல்லை.

“உடுப்பு மாத்த நிக்காதேங்கோ, கார் வாசலிலதான் நிக்குது” என்றார் அக்கா.

அரை மணி நேரப் பயணம். பாதி வழியில் ஒரு டிராக்டர் எங்கள் முன்னால் ஆடி அசைந்து போனது. இல்லாத ஆக்ஸிலரேட்டரை என் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். யாரோ ஒருவர் முதுகு ஒடிந்து கிடப்பதுபோலவே கண்ணுக்குள் ஓடியது. என்னையே நான் சத்தமாகத் திட்டிக்கொண்டேன்.

காட்டோரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. பெரிய அண்டாவில் சூப் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைத் தவிர யாரும் இல்லை. அக்கா படபடவென்று ஜெர்மனில் சொல்ல, அவர் கரண்டியைப் போட்டுவிட்டு வாக்கிடாக்கியை எடுத்தார். மறுமுனையில் அதைக் கேட்ட தலைவர் ஆறு பரண்களுக்கு ஆட்களை விரட்டினார். ஏழாவது பரண் நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கம். அதற்கு அவரே ஓடி வந்தார், நானும் பின்னாலேயே ஓடினேன்.

எழுபது வயதிருக்கும் ஒருவர் மேலே நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அசைய வேண்டாம் என்று தலைவர் கத்தினார். பிறகு ஆணி அடித்த ஓரத்தில் மட்டும் கால் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு படியாக இறக்கினார். கடைசிக்கு முந்தின படி படக்கென்று முறிந்தது. தலைவர் அவரை இடுப்போடு பிடித்துக்கொண்டார். மற்ற ஆறு பேரையும் பத்திரமாக இறக்கிவிட்டதாகக் கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது.

இவ்வளவு தூரம் ஓடி வந்து காப்பாற்றினேன் என்று அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. அந்தப் புள்ளியை வைத்ததே நான்தான் என்று உடைந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் முறிந்த படியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமே இல்லாமல் ஒன்றுதான் கேட்டார்.

“நீங்கள் ஏன் யாரிடமும் கேட்கவில்லை?”

தெரியும் என்று நினைத்தேன் என்பதை எப்படிச் சொல்வேன். அவர் என் கையை இன்னும் விடவில்லை, அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் ஏதாவது ஒன்றை யாரிடமும் கேட்காமல் நானே முடிவு கட்டப் போகும்போது, அந்த நடுக்கம் என் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது.