அனிதா மைக்கில் சொன்னது

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் ஆரோக்கிய அனிதா ஒன்பது வருடமாக விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறாள். ஊரார் ரேஷன் கார்டில் பெயர் மாற்றுவதெல்லாம் அவள் கைபட்டுத்தான் போகும். தன் பெயரை மாற்ற மட்டும் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு வருடம் நடந்தாள். கடைசியில் திருநங்கை என்று அச்சிட்ட அடையாள அட்டை கைக்கு வந்தது.

பிறகு திருநங்கையருக்கான சட்டத்தைத் திருத்தும் பேச்சு எழுந்தது. ஒருவர் தானே சொல்லிக்கொண்டால் போதாதாம், மருத்துவர் குழு பார்த்துச் சொல்ல வேண்டுமாம். கடலூரில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்கு அனிதாவும் போனாள். ஒரு சேனல்காரர் மைக்கை நீட்டினார்.

"நான் யாருன்னு எனக்குத் தெரியாதா சார்? அத நாலு டாக்டரு வந்து சொல்லணுமா?"

அவ்வளவுதான் பேசினாள். மாலைக்குள் அது எல்லார் போனிலும் ஓடியது. வீடியோவுக்குக் கீழே எழுதப்பட்டிருந்த வசவுகளில் முதல் இருபதைப் படித்தாள். அதற்குமேல் வேறு யாரையோ திட்டுவது போலிருந்தது. போனைச் சார்ஜில் போட்டாள்.

மறுநாள் முதலாளி திருநாவுக்கரசு, வருகிறவர்கள் ஒரு மாதிரி பேசுகிறார்கள், கொஞ்ச நாள் உள்ளே உட்கார்ந்து டைப் அடி என்றார். கெட்டவரில்லை. ஆனால் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தம்பி லியோ கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் மகளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. கவுன் எடுத்துக் கொடுத்தவளே அனிதாதான்.

"அக்கா, தப்பா நெனைக்காத. எங்க மாமியார் வூட்ல எல்லாரும் அந்த வீடியோவப் பாத்துருக்காங்க. கோயிலுக்கு வந்துட்டு, சாப்பாட்டுக்கு மட்டும்..."

"வரல லியோ. வச்சிடு."

அக்கா என்று கூப்பிட அவனுக்கு ஆறு வருடம் பிடித்திருந்தது. அழுகை வருமென்று சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை. சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவினாள். ஞாயிறு வந்து போனது. மதியம்வரை படுத்திருந்தாள்.

திங்களன்று கம்மாபுரத்திலிருந்து ரத்தினம்மாள் பென்ஷன் மனுவோடு வந்தாள். திருநாவுக்கரசு கையை நீட்டியும் அவள் தாளைக் கொடுக்கவில்லை. அனிதா எழுதினால்தான் ஆச்சு என்று உள்ளேயே வந்து பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நல்லாத்தான் பேசுன, போ," என்றாள்.

அதைக் கேட்டு மனம் கொஞ்சமாவது குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அனிதாவுக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை.

"ஆதார் கொண்டாந்தீங்களாம்மா?" என்று கேட்டாள்.