மேனேஜர் சொன்னது பலித்தது

ஷூ செய்யும் கம்பெனிதான். ஆனால் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டுமானால் ஷூவைக் கழற்றி வாசலில் விட வேண்டும். தூசு படக்கூடாதாம். ஆம்பூரில், ஆட்களின் வருகையையும் டோக்கன் எண்ணையும் பதியும் டைம் ஆபீஸில் நான் கிளார்க்காக இருந்த கம்பெனிக்கு 1999-இல் இமெயில் வந்தது. அந்த வாசலில், கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவே நின்று எங்கள் மேனேஜர் பேசியதை அன்றைக்கே டைரியில் எழுதிவைத்தேன். எதையும் தேதி போட்டு எழுதுவது என் பழக்கம்.

"இன்னும் பத்தே வருஷம். லைன்ல உக்காந்திருக்கிற பொண்ணு எழுதறத, வெளிநாட்லேர்ந்து ஆர்டர் குடுக்கிற பையர் நேரா படிப்பான். நடுவுல யாரும் தேவையில்ல. நான்கூட!"

"அப்ப நீங்க இன்னா சார் பண்ணுவீங்க?" என்று கேட்டார் பேஸ்டிங் பிரிவு அக்கா. தோல் துண்டுகளின் ஓரத்தில் பசை தடவி ஒட்டுவது அவர் வேலை.

"வீட்ல உக்காந்து பிரியாணி சாப்டுவேம்மா."

எல்லோரும் சிரித்தோம். அப்போது நான் படித்த பத்திரிகைகளும் இதையேதான் எழுதின: கணினி வந்தால் மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் ஒரே குரல். நான் நம்பினேன். கட்டுரைகளைக் கத்தரித்து ஒட்டியும் வைத்தேன்.

2007 கோடையில், பேஸ்டிங் பிரிவில் பசை நெடியை வெளியே தள்ளும் மின்விசிறி நின்றுபோனது. இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அக்கா நான்கு முறை சூப்பர்வைசரிடம் போனார். "பேஜார் பண்ணாதம்மா, ஆர்டர் ஜாஸ்தி கீது" என்பதுதான் நான்கு முறையும் கிடைத்த பதில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டருக்குப் போய், எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் பையரின் ஷூக்களுக்கென்று சமூக வலைத்தளத்தில் இருந்த பக்கத்தில், தெரிந்த ஆங்கிலத்தில் அத்தனையும் எழுதினார். கவனமாகப் பெயரை விட்டுவிட்டார். ஆனால் கடைசியில் 412 என்று போட்டார். முடித்த ஒவ்வொரு கட்டின் சீட்டிலும் அவரவர் டோக்கன் எண்ணை எழுத வேண்டும் என்பது கம்பெனி விதி. வேலையில் பிசகு வந்தால் ஆளைப் பிடிக்கத்தான். பதினான்கு வருடம் பழகிய கை, அந்தப் புகாரையும் ஒரு கட்டைப் போலவே முடித்துவிட்டது.

பையர் படித்தார். நேராகவே படித்தார். "கவனிக்கவும்" என்று ஒரு வரி சேர்த்து மேனேஜருக்கு அனுப்பினார். மேனேஜர் கவனித்தது மின்விசிறியை அல்ல. அச்செடுத்த தாளோடு என் மேஜைக்கு வந்தார்.

"412 யாருப்பா?"

பதிவேட்டைப் புரட்டக்கூட வேண்டியிருக்கவில்லை எனக்கு. சொல்லிவிட்டேன்.

மறுநாள் அக்காவை கேட்டிலேயே நிறுத்தி, வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் வெளியே போனேன். "நாலு தபா வாயால சொன்னேன் தம்பி, ஒருத்தனும் நீ யாருன்னு கேக்கல. எழுதுனதும் பேரு வேணுமாம் இவனுங்களுக்கு" என்றார். பெயரைச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியாது. அந்த வாரமே மின்விசிறி ஓடியது. அக்காவுக்கு எந்த ஷூ கம்பெனியிலும் வேலை கிடைக்கவில்லை.

மேனேஜர் ஓய்வு பெற்று இப்போது மேடைகளில் பேசுகிறார். சென்ற மாதம் வேலூரில் ஒரு கூட்டம்; நானும் போயிருந்தேன். "தொழிலாளி எழுதறத பையர் நேரா படிப்பான்னு அன்னிக்கே சொன்னேன். நடந்துச்சா இல்லையா?" என்றார். கைதட்டினார்கள். எழுந்தேன்.

"எழுதுனவங்களுக்கு வேலை போச்சே சார். அதையும் சொல்லுங்க."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஆள் தெரிந்ததும் சிரித்தார். "நீதானேப்பா பேரச் சொன்னே?" என்றார், மைக்கிலேயே.

கூட்டம் என் பக்கம் திரும்பியது.

"ஆமா சார், நான்தான் சொன்னேன்" என்றேன். "கேட்டது யாரு?"