பழியெல்லாம் பேட்டரி மேல்

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் நான் வாட்ச்மேனாக இருந்த ஆபீஸைக் காலி செய்தார்கள். குப்பைக்கு ஒதுக்கிய லேப்டாப் ஒன்றை வயரோடு கேட்டு வாங்கிக்கொண்டு ராஜபாளையம் வந்தேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. அதற்குப் பிறகு ஆறு ஊர், ஒன்பது வேலை பார்த்தாயிற்று. பத்தாவதாவது நாற்காலியில் உட்காரும் வேலையாக இருக்கட்டுமே என்று, பேண்டேஜ் துணி கம்பெனி முதலாளியிடம் போய், "கம்ப்யூட்டர் தெரியும். சொந்தமாவே வச்சிருக்கேன்" என்றேன்.

"அப்படியா? திங்கக்கிழமை கொண்டாந்து ஒரு லெட்டர் அடிச்சுக் காட்டு. பொறவு பாப்போம்."

வீட்டில் பொத்தானை அமுக்கினால் அசைவே இல்லை. பேட்டரி செத்தால் வண்டி கிளம்பாது என்பது லாரி கிளீனராக இருந்தபோது படித்த பாடம். அந்த அறிவோடு நேராக லாரி பேட்டரி கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்தார்.

"இதுல தண்ணி எங்கன ஊத்துவிய?"

"இது தண்ணி ஊத்தாத ரகம்" என்றேன், தெரிந்தவனைப் போல.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் டிவி ரிப்பேர் பார்க்கும் ஓர் அண்ணாச்சியிடம் அனுப்பிவைத்தார். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். அண்ணாச்சி பேட்டரியைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"செத்துருச்சு. மாத்துப் பேட்டரி மெட்ராஸ்லதான் கெடைக்கும்."

நாற்காலி கைவிட்டுப் போகிறது. அவரோ என் பையிலிருந்த வயரை எடுத்து, பேட்டரி இல்லாத மிஷினில் ஒரு முனையையும் சுவரில் மறுமுனையையும் சொருகினார். திரை வெளிச்சமானது.

"பேட்டரி இல்லாமலே ஓடுதே அண்ணாச்சி."

"வயரு எதுக்குன்னு நெனச்ச? துணி காயப்போடவா?"

திங்கட்கிழமை முதலாளி எதிரில் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடினேன். 'டியர் சார்' முடிவதற்குள் அவருடைய டீ ஆறிவிட்டது.

"ஏலே, உனக்கு இது தெரியுமா தெரியாதா?"

பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. திரை இருண்டது.

"என்னலே ஆச்சு?"

"பேட்டரி இல்ல முதலாளி."

அன்றைக்கு அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். அவர் என் தோள்களை அளந்து பார்த்தார்.

"துணி பேல் மூட்டை தூக்குவியா?"

"தூக்குவேன்" என்றேன். அது இரண்டாவது உண்மை.